பச்சிளம் பிள்ளையின் பசிக்கு மணிக்கூடு எதற்கு?



உங்கள் வீட்டில் குழந்தை பிறந்து மூன்றாவது இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் பிள்ளை வீரிட்டு அழுகின்றது. "தாய்க்குப் பால் பத்தல்ல போல" என்கிறார் ஒருவர். "கொஞ்சம் சீனித்தண்ணி பருக்குங்க" என்கிறார் இன்னொருவர். விடிந்ததும் பால்மாவும் போத்தலும் வாங்கக் கடைக்குப் புறப்படுகிறீர்கள். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இது புதிய காட்சியல்ல.

என் மூத்த பிள்ளை பிறந்தபோது நான் வேறொரு தவறைச் செய்தேன். மணியடித்துப் பாடம் நடத்திப் பழகிய எனக்கு, பாலூட்டவும் ஒரு நேரசூசி வேண்டும் என்று தோன்றியது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். இடையில் பிள்ளை அழுதால் ஏணையை ஆட்டினோம். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்த மருத்துவமாது பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். நிறை இறங்கிக்கொண்டே போயிருந்தது. சுவரைப் பார்த்தார். "மௌலவி, இந்தக் கடதாசிய புள்ளக்கி வாசிக்கத் தெரியாதே! பசிச்சா குடுக்கச் சொல்லுங்க" என்றார். நான் வெட்கித்துப் போனேன்.

பால் ஊறும் விதம்

பிள்ளை உறிஞ்சிக் குடிக்கக் குடிக்கத்தான் தாயிடம் பால் ஊறும். குடிப்பது குறைந்தால் ஊறுவதும் குறையும். ஆகவே பால் பற்றாது என்று அஞ்சிப் போத்தலைக் கொடுக்கும் வீட்டில், அந்தப் போத்தலே பாலைக் குறைத்துவிடுகின்றது.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும். முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் சிறிது. நோயெதிர்ப்புச் சக்தியில் பெரிது. அதைப் பீய்ச்சி வீசிவிடாதீர்கள். பிள்ளையின் இரைப்பையும் அப்போது மிகச் சிறியதே. பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளளவில் பால் நிறைந்து வரும். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை வரை குடிப்பது வழமை. தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது ஆகியன பசியின் அடையாளங்கள். அழுகை கடைசி அடையாளம். தூங்கியே கிடக்கும் சிசுவை முதல் வாரங்களில் எழுப்பியாவது ஊட்ட வேண்டும்.

போதுமா என்று எப்படி அறிவது? ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு தடவையேனும் சிறுநீர் கழித்தால் மனம் ஆறலாம். முதல் நாட்களில் நிறை சற்றுக் குறைவது இயல்பு; இரண்டு வாரமளவில் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை குடிக்க எழும்பாவிட்டால், சிறுநீர் குறைந்தால், மஞ்சள் கூடினால், காய்ச்சல் கண்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வைத்தியரே பால்மா கொடுக்கச் சொன்னால், அந்தத் தாயைக் குறை கூறாதீர்கள்.

பேரீச்சம்பழத்தை மென்மையாக்கி அண்ணத்தில் தடவும் தஹ்னீக் ஸுன்னத்தாகும், அது உணவல்ல. கையைச் சுத்தமாகக் கழுவிச் சிறிதளவே தடவுங்கள். தேனை ஒரு வயது வரை கொடுக்கவே கூடாது. முதல் ஆறு மாதம் தண்ணீரும் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்தபோது நம் கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போனதை நாம் மறக்கவில்லை. போத்தல் பாலுக்குச் சுத்தமான தண்ணீரும் அடுப்பும் வேண்டும். தாய்ப்பாலுக்கு இரண்டும் வேண்டாம். நம் நாட்டில் 2016 இல் நடந்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். நமது தாய்மாரால் முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை

அல்பகரா அத்தியாயத்தின் 233 ஆம் வசனம், விரும்புவோர் பூரணமாக இரண்டு வருடம் பாலூட்டலாம் என்கிறது. அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பன் மீது பொறுப்பாக்குகின்றது. எனவே நேரசூசி வேண்டியது பிள்ளைக்கல்ல, நமக்குத்தான். தாய்க்கு நேரத்துக்குச் சோறும் சுறா வறையும் கிடைத்ததா? குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா? பிள்ளை உறங்கும்போது அவளும் உறங்க முடிகிறதா? வருகின்ற விருந்தாளிகளைத் திண்ணையில் இருத்திப் பேசி அனுப்புவது யார்? மாமியின் வீட்டில் இருக்கிறோம், பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

நேரம் குறிக்கப்பட்ட கடமை தொழுகை. அந்தத் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாயின் தவிப்பை எண்ணிச் சுருக்கிக்கொண்டார்கள். அப்படியிருக்க, சுவரில் ஒட்டிய கடதாசிக்காக என் பிள்ளையை நான் அழவிட்டேன்.

அன்றே அதைக் கிழித்தேன். அடுத்த கிழமை நிறுத்தபோது பிள்ளையின் நிறை ஏறியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டில் இன்றிரவு பிள்ளை அழுதால், மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டு, தாயின் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான வாழ்வை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.