வாப்பாவின் கார் சாலைக்கு வருமா?

சொந்தக் கைகளால் கார் உருவாக்கும் ஆசை நம் பக்கத்திற்குப் புதிதன்று. தக்கலைக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் 1966ஆம் ஆண்டு கே.ஏ. பாலகிருஷ்ண மேனோன் 'அரவிந்த்' என்னும் காரை உருவாக்கினார். பெருமளவில் தயாரிக்க அவருக்கு அனுமதி கிட்டவில்லை.

அத்தகைய வண்டியொன்று கொட்டகையில் நெடுநாள் கிடந்தாலும், துருவேறிய பெட்ரோல் தொட்டியைக் கழுவி, வெடித்த ரப்பர் குழாய்களையும் பிரேக்கையும் மாற்றினால் ஓடவும் கூடும். பதிவு செய்வதுதான் கடினம்.

2021ஆம் ஆண்டின் மத்திய விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்திற்கு 'வி.ஏ.' வரிசையில் எண் உண்டு; கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். ஆயினும் சந்தைக்கும் கல்யாணத்திற்கும் அதில் போக இயலாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே ஓட்டலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியிருந்தால் அதுவும் இல்லை. வயதும் முதற்பதிவு நாளிலிருந்தே எண்ணப்படும். ஆகவே, மெக்கானிக்கை அழைக்குமுன் வாப்பாவின் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள்.