நீராவி யுகத்து நாயகரை வரைவோம்

உயரமான தொப்பி, நெற்றியில் ஏற்றிவிட்ட வட்டக் கண்ணாடி, தோளில் பித்தளைக் குழாய்கள், உடையெங்கும் பற்சக்கரங்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்பு மாணவர்களின் ஓவிய நோட்டுகளில் இப்படியொரு உருவத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைப்பேசி விளையாட்டுகள் வழியாகவும் அனிமேஷன் படங்கள் வழியாகவும் வந்து சேர்ந்தது இது. ‘ஸ்டீம்பங்க்’ என்பது இப்பாணியின் பெயர். பார்த்து வரைந்த படம் என்று கையொப்பமிட்டுத் திருப்பித் தராமல், இதைக் கொண்டே ஒரு நல்ல செயல்பாட்டை அமைக்கலாம்.

மின்சாரமும் பெட்ரோலும் பரவாமல், நீராவியே எல்லாவற்றையும் இயக்கியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கற்பனைதான் ஸ்டீம்பங்கின் அடிப்படை. விக்டோரியா அரசி ஆண்ட (1837–1901) இங்கிலாந்தின் உடைகளும் எந்திரங்களும் இதன் தாய்வீடு. இச்சொல்லை 1987இல் உருவாக்கியவர் கே.டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர். ஆனால் இதன் வேர் ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ் ஆகியோரின் கதைகளில் இருக்கிறது. வெர்ன் படைத்த நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் நெமோ ஓர் இந்திய இளவரசர் என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். (அவருடைய நாட்டிலஸ் கப்பல் ஓடுவது என்னவோ மின்சாரத்தில்தான்!)

வரையத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: இவர் என்ன வேலை செய்கிறார்? தபால்காரரா, கொல்லரா, கடிகாரம் பழுதுபார்ப்பவரா? தொழில் முடிவானால் உடையும் கருவியும் தாமே வந்துவிடும். உலைக்கு அருகில் நிற்பவருக்குத் தோல் மேலங்கியும் கையுறையும் தேவை. கரித்துகளும் தீப்பொறியும் பறக்கும் இடத்தில் கண்ணுக்குக் காப்பு வேண்டும். வட்டக் கண்ணாடி அதற்குத்தான், அழகுக்காக அல்ல.

அடுத்து எந்திரம். பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான். பற்சக்கரங்களைப் பொத்தான்போல ஒட்டிவிடுகிறார்கள். ஒன்றுகூட எதையும் சுழற்றாது. ஒன்றோடொன்று பொருந்திய இரு சக்கரங்கள் எதிரெதிர்த் திசைகளில் சுழலும். மூன்றாவது சக்கரம் அவ்விரண்டையும் தொடுமாறு முக்கோணமாக அமைந்தால், மூன்றும் சிக்கி நின்றுவிடும். இதைக் கரும்பலகையில் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிது. சோடா பாட்டிலின் தகர மூடியைச் சுற்றி 21 மடிப்புகள் இருக்கும். நெளியாத மூடிகள் மூன்றின் நடுவே துளையிட்டு, மடிப்புகள் பொருந்துமாறு பலகையில் ஆணியால் தளர்வாகப் பொருத்துங்கள். வரிசையாக வைத்தால் சுழலும்; முக்கோணமாக வைத்தால் அசையாது. காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். 10 பற்கள் கொண்ட சக்கரம் 30 பற்கள் கொண்டதைச் சுழற்றினால், சிறியது மூன்று முறை சுற்றும்போது பெரியது ஒரு முறைதான் சுற்றும். வேகம் குறையும், திருப்புவிசை கூடும். எந்திரக் கைக்கு எந்தச் சக்கரம் எங்கே வரவேண்டும் என்பதை இதைக்கொண்டு முடிவுசெய்யலாம்.

கொதிகலன் இருந்தால் தீ எங்கே, தண்ணீர் எங்கே, புகை எந்த வழியாக வெளியேறும் என்றும் கேளுங்கள். முதுகில் கொதிகலனைச் சுமப்பவரின் புகைபோக்கி அவர் முகத்துக்கு நேரே இருந்தால் அவரால் மூச்சுவிட முடியுமா? அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? படம் வரையும் கை இங்கே இயற்பியல் படிக்கிறது.

வரைதல் முறையில் புதிதாக ஒன்றுமில்லை. வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு. முதலில் உருவத்தை முழுக் கறுப்பு நிழலாக வரையட்டும். நிழலைப் பார்த்தே தொழிலை ஊகிக்க முடிந்தால் வடிவமைப்பு சரி. பிறகு 2எச் பென்சிலில் மெல்லிய கோடுகள், 2பி பென்சிலில் நிழல். வண்ணத்துக்குத் தேயிலை டிகாக்‌ஷனே போதும். பழைய புகைப்படத்தின் பழுப்பு நிறம் கிடைத்துவிடும். பித்தளை மஞ்சளாகவும், செம்பு சிவந்தும், வெயில்மழையில் கிடந்த செம்பு பச்சை பூத்தும் இருக்கும்.

இதற்கு இரண்டு பாடவேளைகள் தேவைப்படும். ஓவிய வேளையைக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. இம்முறை அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வேளையை நாம் கேட்டு வாங்கலாம். மதிப்பிடும்போது கோட்டின் நேர்த்திக்கு மட்டும் மதிப்பெண் தராதீர்கள். கோணல்மாணலாக வரைந்த பிள்ளை, “இந்தப் பிடியைத் திருப்பினால் இந்தச் சக்கரம் சுற்றும், கை மேலே வரும்” என்று விரல் வைத்துக் காட்டினால், அச்சுப்போல் நகலெடுத்த படத்தைவிட அதற்கே கூடுதலாகக் கொடுங்கள். காட்சிக்கு வைக்கும்போது ஒவ்வொரு படத்தின் கீழும், அந்த எந்திரம் இயங்கும் விதத்தை மாணவரே மூன்று வரிகளில் எழுதி ஒட்டட்டும்.