கூடிக் கற்ற கலை

ஆவணப்படம் எடுக்க வருபவருக்கு இரண்டு வித்தைகள் கைவர வேண்டும். கண்ணெதிரே நடக்கும் வாழ்க்கையைப் படத்தில் பதிந்து, அதற்கு ஒரு வடிவமும் ஓட்டமும் கொடுத்து, பார்ப்பவர் மனத்தில் தைக்கும்படி செய்வது ஒன்று. அவ்வாறு செய்த படத்தை அதைக் காண வேண்டிய மக்களிடம் கொண்டு சேர்த்து, தம் ஜீவனத்துக்கும் அடுத்த படத்துக்கும் வேண்டிய பொருளை அதிலிருந்தே தேடிக்கொள்வது மற்றொன்று. கதைப்படத்துக்கு வாய்த்திருக்கும் நட்சத்திரங்களும் முதலாளிகளும் திரையரங்குகளும் இந்தத் துறைக்கு வாய்க்கவில்லையாதலால், இவ்விரண்டு வித்தைகளையும் அதில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றே வளர்ந்திருக்கிறார்கள். இந்தப் பரஸ்பரக் கல்வி எவ்வளவு தூரம் கொண்டு செல்லும், எந்த இடத்தில் தடைப்படும் என்பதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு முயற்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் கிரியர்சன், வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்களைப் பற்றி 1929இல் ‘டிரிஃப்டர்ஸ்’ என்ற படத்தை எடுத்துப் பெயர் பெற்றார். அந்தப் பெயரை முதலாகக் கொண்டு தாமே படத்துக்கு மேல் படம் இயக்கிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, தாம் பணியாற்றிய பேரரசு வாணிப வாரியத்தின் திரைப்படப் பிரிவில், அத்தொழிலில் பெரும்பாலும் முன் அனுபவமே இல்லாத இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களைக் கொண்டே ஓர் இயக்கத்தை உண்டாக்கினார். பாஸில் ரைட், ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி, ஹாரி வாட் முதலியோர் அவ்வாறு வந்தவர்கள். 1933இல் வாரியம் கலைக்கப்பட்டபோது அந்தப் பிரிவு தபால் இலாகாவின் ஆதரவுக்கு மாறியது. சம்பளம் சொற்பம், ஆனால் ஒருவர் எடுத்த காட்சியை மற்றவர் தொகுக்கவும், ஒருவர் இயக்கிய படத்துக்கு இன்னொருவர் ஒலி அமைக்கவுமாக, ஒவ்வொரு படமும் எல்லாருக்கும் பாடமாயிற்று. எஸ்கிமோ மக்களைப் படமெடுத்துப் புகழடைந்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டி சிலகாலம் அவர்களோடு இருந்து, பொறுமையாகக் காண்பது எப்படி என்று தம் வேலையாலேயே காட்டினார். 1934இல் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்த பிரேசில் நாட்டவரான கவல்காந்தி, காதால் கேட்பதைக் கொண்டும் படத்தைச் செதுக்கலாம் என்று கற்பித்தார். இலங்கைக்குச் சென்று ‘சாங் ஆஃப் சிலோன்’ படத்தை எடுத்த ரைட், கொழும்பில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டின் குரலையே அதன் வருணனைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இந்தக் கூட்டு உழைப்பு எத்தகையது என்பதை 1936இல் வெளிவந்த ‘நைட் மெயில்’ படத்தில் காணலாம். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவெல்லாம் ஓடும் தபால் ரயிலைப் பற்றிய படம் அது. கடிதங்களைப் பிரித்து அடுக்கும் பெட்டியின் உட்புறத்தை ஸ்டூடியோவிலேயே அமைத்து, மெய்யான தபால் ஊழியர்களை அதில் நிறுத்திப் படமெடுத்தார்கள். ஆனால் நிலையாக நிற்கும் பெட்டியில், ஓடும் ரயிலின் ஆட்டம் அவர்கள் உடம்பில் வருமா? காமிராவின் பார்வைக்கு அப்பால் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு ஆட்டி, அதன் அசைவுக்கு ஏற்பத் தாமும் சற்றே அசைந்துகொண்டு கடிதங்களை அடுக்கும்படி ஊழியர்களிடம் சொன்னார்கள். ரயில் ஓடத் தொடங்கிவிட்டது! தண்டவாள இணைப்புகளின் மேல் சக்கரம் ஏறி இறங்கும் தாள ஓசையை உண்மையான ரயிலிலிருந்து திருப்தியாகப் பெற முடியாமல், பொம்மை ரயில் ஒன்றை ஓடவிட்டு அதன் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். ரைட்டும் வாட்டும் இயக்க, கவல்காந்தி ஒலியை மேற்பார்க்க, கவிஞர் ஆடன் செய்யுள் எழுத, பிரிட்டன் என்ற இளம் இசைக்கலைஞர் இசை அமைத்தார். அதில் எது எவருடைய யோசனை என்று பிரித்துச் சொல்வது கடினம். அவ்வாறு பிரிக்க முடியாமையே அந்தக் குழுவின் பெருமை.

அங்கே கற்றவர்கள் பல தேசங்களுக்கும் அந்த வித்தையைக் கொண்டு சென்றார்கள். 1939இல் தொடங்கப்பட்ட கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்குக் கிரியர்சனே தலைமை ஏற்றார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பம்பாயில் அமைந்த திரைப்பட ஆலோசனை வாரியத்தில் பணியாற்ற அவருடைய குழுவினரான அலெக்சாண்டர் ஷா வந்தார். ஆயினும் கிரியர்சன் உண்டாக்கிய அந்த அமைப்பில் ஒரு குறை இருந்தது. திரையரங்குகளை மட்டும் நம்பாமல், பள்ளிகளிலும் சங்க மண்டபங்களிலும் படங்களைக் காட்டலாம் என்று கிரியர்சன் கண்டது தீர்க்கதரிசனமே. ஆனால் படத்துக்குப் பணம் கொடுத்தது அரசாங்கமும் பெரிய ஸ்தாபனங்களும், படமும் அவர்களுடையதே. தபால் இலாகாவின் பிரிவு 1940இல் ‘கிரவுன்’ என்ற பெயர் பெற்றது. 1952இல் அரசு அதை மூடிவிட்டது. கலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

அந்தக் குறையை நிறைவு செய்யும் முயற்சி அமெரிக்காவில் 1971இல் தொடங்கியது. ஜூலியா ரைக்கர்ட், ஜிம் கிளைன் என்ற இருவர், பெண் குழந்தை எவ்வாறு ‘பெண்ணாக’ வளர்க்கப்படுகிறாள் என்பதை ஆராயும் ‘குரோயிங் அப் ஃபீமேல்’ என்ற படத்தை எடுத்திருந்தார்கள். படத்தை விநியோகஸ்தரிடம் ஒப்படைத்தால் வருமானத்தில் பெரும்பங்கும், யாரிடம் காட்டுவது என்ற தீர்மானமும் அவரிடமே போய்விடும். ஆகவே அவர்கள் தாங்களே ஊர் ஊராகப் படத்தைக் கொண்டு சென்று, மாதர் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் காட்டினார்கள். இதே சங்கடத்தில் இருந்த அமாலி ராத்ஸ்சைல்ட், லியன் பிராண்டன் ஆகிய இரு பெண் இயக்குநர்களும் சேர, ‘நியூ டே ஃபிலிம்ஸ்’ என்ற கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. படம் எடுத்தவரே அதற்கு உரிமையாளர். விளம்பரப் பட்டியலின் செலவு எல்லாருக்கும் பொது. அமைப்பின் வேலைகளில் ஒவ்வொருவரும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும்.

இந்த வேலைகள் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றலாம். வாடகைக்குப் போன 16 மில்லிமீட்டர் பிரதி தபாலில் திரும்பி வந்ததும், அதன் ஓரத்துத் துளைகள் கிழிந்திருக்கின்றனவா என்று சுருள் முழுவதையும் பரிசோதித்து, அறுந்த இடத்தை ஒட்டி, மறுபடி சுற்றி, அடுத்த ஊருக்குக் குறித்த நாளில் சேரும்படி அனுப்ப வேண்டியிருந்தது. நூலகத்துக்கு விலை என்ன, பணமில்லாத சிறு சங்கத்துக்கு வாடகை என்ன, வராத பாக்கியை எப்படிக் கேட்பது என்றெல்லாம் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. இவற்றை எந்தப் பேராசிரியரும் கற்பிக்கவில்லை. முன்பே அனுபவித்த சகபாடி ஒருவர்தாம் சொல்ல முடிந்தது. தாம் கற்றதை ரைக்கர்ட் 1977இல் ஒரு கைநூலாகவே எழுதி, தமக்குப் போட்டியாக வரக்கூடியவர்கள் கையிலும் கொடுத்துவிட்டார். அதனால் அவர் எதையும் இழக்கவில்லை. பின்னர் ஒஹையோ மாநிலத்தில் பல்லாண்டுகள் ஆசிரியராகவும் இருந்து, ஸ்டீவன் போக்னருடன் சேர்ந்து இயக்கிய ‘அமெரிக்கன் ஃபாக்டரி’ (2019) படத்துக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றார். 2022இல் அவர் மறைந்தார். நால்வராகத் தொடங்கிய கூட்டுறவு அமைப்போ அரை நூற்றாண்டைக் கடந்து நடந்துவருகிறது.

இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் படமெடுக்கலாம்; கருவிக்குப் பஞ்சமில்லை. அரைகுறையாகத் தொகுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த இடத்தில் தொய்கிறது” என்று கூசாமல் சொல்லும் தோழரும், “இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே” என்று எச்சரிக்கும் தோழரும் கிடைப்பதே அரிது. இளம் ஆவணப்படக்காரர்கள் நாலைந்து பேர் ஒன்றுகூடினால், படக் காட்சிகளோடு வரவு செலவுக் கணக்கையும் ஒருவருக்கொருவர் திறந்து காட்ட வேண்டும். கலையைப் பகிர்ந்துகொண்டவர்கள் சிறந்த படங்களைத் தந்தார்கள். கலையோடு கணக்கையும் பகிர்ந்துகொண்டவர்கள், சிறந்த படங்களைத் தந்ததோடு தங்கள் சுதந்திரத்தையும் காத்துக்கொண்டார்கள்.