அரங்கேறும் முன்னே

சென்ற ஆண்டுத் திருவிழாவிற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை. செபமாலை முடிந்து மக்கள் வீடு திரும்பிக் கொண்டிருந்தனர். பங்கு இல்லத்து வாசலில் ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்து நிறுத்தினார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை. தகப்பனாருக்கோ அவனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்ற கனவு. பிள்ளையோ, "நாடகம்தான் படிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"சாமி, நீங்களே இவனுக்குப் புத்தி சொல்லுங்கள். கூத்தாடிப் பிழைக்கவா இவனை இத்தனை பாடுபட்டுப் படிக்க வைத்தோம்?" என்றார் அந்தத் தாய். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மகன் தலை குனிந்து நின்றான்.

நாம் உடனே வாய் திறக்கவில்லை. காரணம், இதே கேள்வி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், நம்மிடம் வந்ததுண்டு. அன்று நாம் அரை நிமிடங்கூட எண்ணிப் பார்க்கவில்லை. "அதெல்லாம் பிழைப்புக்கு ஆகாது, தம்பி" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டோம். அந்த இளைஞர் நம் சொல்லையும் கேட்கவில்லை. கலைக்கு வேண்டிய பயிற்சியையும் தேடவில்லை. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைக்கு இரயிலேறினார். மூன்று ஆண்டுகள் யார் யார் வாசலிலோ காத்துக் கிடந்துவிட்டு, பட்டமும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல் ஊர் திரும்பினார். இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். நம்மைக் காணும்போதெல்லாம் மரியாதையோடு வணங்குகிறார். அந்த மரியாதைதான் நமக்கு முள்ளாய்க் குத்துகிறது.

அன்று நாம் "போ" என்றோ "போகாதே" என்றோ சொல்லியிருக்க வேண்டியதில்லை. "இதற்காக நீ என்ன ஆயத்தம் செய்திருக்கிறாய்?" என்று கேட்டிருக்க வேண்டும். இளமையில் மேடை ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆசை ஒரு நாளில் பிறந்துவிடும். ஆயத்தம் பல ஆண்டுகள் கேட்கும். அந்த ஆண்டுகள் மாணவப் பருவத்து ஆண்டுகளே என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் உணர வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

பழந்தமிழர் கண்ட ஆயத்தம்

கலையை விளையாட்டாகக் கருதும் பழக்கம் நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் சோழ மன்னன் அவையேறுகிறாள். அவளுடைய ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்று இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். அரங்கின் அளவையும் அவர் விட்டு வைக்கவில்லை: இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். திரைகள் மட்டும் மூன்று வகை. ஆடியவள் ஒருத்தி, அவளை ஆயத்தம் செய்தோர் ஒரு கூட்டம்! மேடையில் தெரிவதைவிடத் தெரியாததே பெரிது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இரண்டு வழிகள்

நம் காலத்திற்கு அண்மையில் வருவோம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தோற்றுவித்தார். அதில் சேர்ந்தபோது பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ் பெற்ற டி. கே. சண்முகத்திற்கு ஆறு வயதுதான். 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட அந்நாளைய சிறுவர் நாடகக் குழுக்கள் உண்டு உறைந்து பயிலும் குருகுலங்களாக விளங்கின. பாடல், வசனம், நடை, நிற்கும் நிலை எல்லாம் வாத்தியாரின் கண் முன்னே மனப்பாடமாயின. எம். ஜி. ஆரும், சிவாஜி கணேசனும் அத்தகைய குழுக்களில் வளர்ந்தவர்களே. ஆனால் அந்தப் பயிற்சிக்கு அச்சிறுவர்கள் கொடுத்த விலை, பள்ளிப் படிப்பு. அந்த விலையை இன்று எந்தப் பிள்ளையும் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது.

இன்னொரு வழியும் அன்றே இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த 1891-ஆம் ஆண்டிலேயே நண்பர்களோடு 'சுகுண விலாச சபை'யை நிறுவினார். நாடகம் தம் படிப்பைக் கெடுக்க அவர் இடம் தரவில்லை. சட்டம் பயின்று வழக்கறிஞரானார், நீதிபதியாகவும் அமர்ந்தார். இவற்றுக்கிடையே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார்; தாமே நடித்தார். படித்தவர்கள் நாடக மேடையேறுவது இழிவு என்றிருந்த எண்ணத்தை மாற்றினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறும் வழிகளைப் பற்றித் தனி நூலே எழுதி வைத்தார். 1959-இல் நடுவண் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. "நாடகமா, படிப்பா?" என்று கலங்கும் வீடுகளுக்கு அவர் வாழ்க்கையே விடை.

மாணவன் செய்ய வேண்டியவை

சரி, நாடகத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவன் இன்றே எதைத் தொடங்க வேண்டும்?

முதலாவது, குரல். வீணைக்குத் தந்தி எப்படியோ அப்படி நடிகனுக்குக் குரல். நாள்தோறும் அரைமணி நேரம் நல்ல உரைநடையையும் செய்யுளையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும் நாவில் பழக வேண்டும். தொண்டையைக் கிழித்துக் கத்துவது பயிற்சியன்று. வயிறு விரிய மூச்சை உள்வாங்கி, அம்மூச்சின் பலத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவதே பயிற்சி. குரல் கம்மி, இரண்டு மூன்று வாரங்களாகியும் தெளியாவிட்டால் மருத்துவரைக் காணத் தயங்கக் கூடாது.

இரண்டாவது, உடல். சிலம்பமோ, பறையாட்டமோ, தெருக்கூத்தோ ஏதேனும் ஒன்றை முறையாகப் பயில்வது நன்று. விடிய விடிய ஆடிப் பாடும் தெருக்கூத்துக் கலைஞரின் மூச்சையும் கால் வலுவையும் கண்டவர்கள், நடிப்பு சோம்பேறிகளின் தொழில் என்று ஒருநாளும் சொல்லார்.

மூன்றாவது, கவனிப்பு. சந்தையில் மீன் விற்கும் அம்மையாரின் பேச்சு, பேருந்து நிலையத்தில் மகளை வழியனுப்பும் தந்தையின் கை, மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்போரின் அமர்வு, இவையே நடிகனின் பாடநூல்கள். ஒரு குறிப்பேட்டில் அன்றாடம் நான்கு வரி எழுதி வந்தால், ஓராண்டில் ஒரு கருவூலமே கைவசமாகும்.

நான்காவது, படிப்பு. தமிழ் நாடகங்களோடு காளிதாசனையும், ஷேக்ஸ்பியரையும், இப்சனையும் படிக்க வேண்டும். தனக்குரிய பகுதியை மட்டும் படிப்பவன் என்றும் பாதி நடிகனே.

ஐந்தாவது, மேடைக்குப் பின்னால் உழைப்பு. ஒளியமைப்பு, ஒப்பனை, உடை, அரங்கப் பொருள், ஒலி இவற்றில் ஏதேனும் ஒன்றில் கைதேர்ந்தவனுக்கு எந்தக் குழுவிலும் இடமுண்டு. திரை இழுக்கத் தெரியாதவன் திரைக்கு முன் நிற்கும் தகுதியையும் மெல்ல மெல்லத்தான் பெறுவான்.

ஆறாவதாக நாம் சொல்வதே எல்லாவற்றிற்கும் அடித்தளம்: ஒழுங்கு. உருசிய நாடகப் பேராசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863-1938) நடிகனின் ஆயத்தத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல், ஒரு மாணவனின் நாட்குறிப்பு வடிவில் அமைந்தது. அம்மாணவன் ஆர்வ மிகுதியால் வீட்டில் நெடுநேரம் தனியே நடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் அயர்ந்து தூங்கி, ஒத்திகைக்குக் காலந்தாழ்ந்து வருகிறான். அதற்கு என்ன நேர்கிறது? அன்றைய ஒத்திகையே நிறுத்தப்படுகிறது. ஒருவனுடைய அசட்டையால் எல்லோருடைய மனநிலையும் கெட்டுவிட்டது என்று உதவி இயக்குநர் கண்டிக்கிறார். அந்தப் பெருநூல் கற்றுத் தரும் முதற்பாடங்களில் ஒன்று நேரந்தவறாமை என்றால் நம்ப முடிகிறதா?

இருளில் ஒரு நாடக மாணவர்

ஆயத்தத்திற்கு வசதி வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். போலந்து நாட்டில் ஓர் இளைஞர் 1938-இல் கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் பயிலச் சேர்ந்தார். நாடகமே அவர் உயிர். அடுத்த ஆண்டே நாசிப் படைகள் நாட்டைப் பிடித்துப் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டன. அவர் கல்லுடைக்கும் குழியிலும், பின்னர் இரசாயனத் தொழிற்சாலையிலும் கூலியாளாய் உழைத்தார். 1941-இல் கொத்லார்சிக் என்னும் ஆசான் தொடங்கிய 'ராப்சோடிக்' நாடகக் குழுவில் சேர்ந்து, நண்பர்களின் வீட்டு அறைகளில் மறைவாக நடித்தார். திரையில்லை; அலங்காரமில்லை; சொல் ஒன்றே கருவி. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து! அடுத்த ஆண்டு அவர் மறைவாகக் குருத்துவப் படிப்பில் சேர்ந்தார், மேடையை விட்டார். ஆனால் அங்குப் பெற்ற சொல்லாற்றல் அவரை விட்டு நீங்கவில்லை. அவரே 1978-இல் திருத்தந்தையான இரண்டாம் யோவான் பவுல். நாடகத்திற்கென்று செய்த ஆயத்தம், வாழ்க்கை எந்தத் திசையில் திரும்பினாலும் வீண்போவதில்லை.

எங்கே பயில்வது? எப்படி வாழ்வது?

புதுதில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி 1959-இல் நிறுவப்பட்டது. அதன் மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். நாடகங்களில் பங்கேற்ற முன்னனுபவமும் வேண்டும். நேர்முகத் தேர்வும் பயிலரங்கும் உண்டு. இதன் பொருள் என்ன? கல்லூரி நாட்களில் நாடகத்தில் உழைத்தவனே அந்த வாசலைத் தட்ட முடியும். கருநாடகத்து ஹெக்கோடு சிற்றூரில் கே. வி. சுப்பண்ணா வளர்த்த 'நீநாசம்' அமைப்பு 1980 முதல் நாடகப் பள்ளி நடத்தி வருகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைத் துறை விளங்குகிறது. சென்னையில் 1977-இல் ந. முத்துசாமி தோற்றுவித்த 'கூத்துப்பட்டறை', நடிப்பை முழுநேரப் பயிற்சியாக்கிப் பல கலைஞர்களை உருவாக்கியது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்: சோற்றுக்கு என்ன வழி? இதை மழுப்புவது நேர்மையாகாது. மேடை நடிப்பை மட்டுமே நம்பி வாழ்வோர் நம் நாட்டில் மிகச் சிலரே. ஆகவே பட்டப் படிப்பு முதலில் என்பதே நம் உறுதியான கருத்து. தமிழ் இலக்கியமோ, வணிகவியலோ, எதுவாயினும் ஒரு பட்டம் கையிலிருக்கட்டும். நாடகம் பயின்றவர்க்குப் பள்ளிகளில் நாடகவழிக் கல்வி, வானொலி, குரல்கொடுப்பு, பயிலரங்குகள் என்று பல வேலைகள் உண்டு. கல்லூரி ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்விலும் நிகழ்கலை ஒரு பாடமாக இருக்கிறது. இவற்றால் செல்வம் குவியும் என்று நாம் சொல்ல மாட்டோம். அளவறிந்து வாழ்வோர்க்கு வழியில்லை என்றும் சொல்ல மாட்டோம்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. "பணம் கட்டினால் படத்தில் வாய்ப்பு" என்று ஆசை காட்டுவோர் பலர். அங்கே நடப்பது பயிற்சியன்று, வியாபாரம். பிள்ளை சேரும் குழுவை யார் நடத்துகிறார், ஒத்திகை எங்கே, எத்தனை மணிக்கு முடியும், திரும்பி வருவது எப்படி என்று கேட்பது உங்கள் உரிமை, கடமையுங்கூட. பெண் பிள்ளையாயின் இருமடங்கு விசாரியுங்கள். ஆனால் பெண் என்பதற்காகவே கதவை அடைத்துவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளை

நம் வாசலில் நின்ற பிள்ளைக்கு என்ன சொன்னோம்? "தம்பி, இவ்வாண்டுத் திருவிழா நாடகத்தில் உனக்கு வேடமில்லை. ஒத்திகைக்கு முதலில் வந்து, மேடையைப் பெருக்கி, எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்து, திரைமறைவில் நின்று எடுத்துக் கொடு. முடிந்தபின் பேசுவோம்" என்றோம். அவன் முகம் வாடியது. தாயின் முகத்திலோ ஒரு நிம்மதி. இதோடு ஓடிவிடுவான் என்று நினைத்திருப்பார்.

அவன் ஓடவில்லை. இருபத்தெட்டு நாள் ஒத்திகையில் ஒரு நாளும் தவறவில்லை. நாடகத்தன்று மன்னர் வேடமிட்டவர் நடுக்காட்சியில் வசனம் மறந்து தவித்தபோது, திரைமறைவிலிருந்து வந்த அந்த மெல்லிய குரல்தான் நாடகத்தைக் காப்பாற்றியது. கூட்டத்தில் எவருக்கும் அது தெரியாது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் தாய்க்கு மட்டும் தெரிந்தது. மகன் குரல் தாய்க்குத் தெரியாதா?

இப்போது அவன் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயில்கிறான்; மாலையில் ஒரு நாடகக் குழுவுக்குப் போகிறான். தகப்பனார் இன்னும் முழு மனத்தோடு இசையவில்லை. ஆயினும், ஒத்திகை முடிந்து வரும் மகனுக்காக இரவில் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்பவர் அவரே.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை நாளை இதே ஆசையோடு உங்கள் முன் நிற்கலாம். நாம் முன்னொரு நாள் செய்த பிழையை நீங்களும் செய்துவிடாதீர்கள். அடைக்கவும் வேண்டாம், அவிழ்த்துவிடவும் வேண்டாம். கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள், ஓராண்டு பொறுத்திருங்கள். ஆசை மட்டும் உள்ளவன் தானே விலகிவிடுவான். மேடையைப் பெருக்கி முடித்தும் அங்கேயே நிற்பவனை நம்புங்கள்.