கணக்கும் ஓர் அமானிதமே!

கோடை விடுமுறை என்றதும் தாமிரபரணிக் குளியலும் உறவினர் வீட்டு விருந்தும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? வணிகவியல் மாணவனாகிய நானோ, சென்ற விடுமுறையைத் திருநெல்வேலியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கழித்தேன்.

ரசீதுகளை ரொக்கப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே என் பணி. ஒருநாள் வண்டிவாடகை ஒன்றுக்கு ரசீது இல்லை. சிறிய தொகைதானே என்று சரிக்குறி இட்டுவிட்டேன். கவனித்த தணிக்கையாளர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, காணாததைக் கண்டேன் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி ஆகாதா?" என்று மட்டும் கேட்டார். வெட்கித் தலைகுனிந்தேன். குறியை அடித்துவிட்டு, ‘ரசீது இல்லை’ என எழுதினேன். வங்கியும் வரித்துறையும் கூட்டாளிகளும் தணிக்கையாளரின் கையொப்பத்தை நம்பியே நடக்கின்றனர் என்பது அன்றுதான் விளங்கியது.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், தேர்வுகளோடு அலுவலகப் பயிற்சியையும் கட்டாயமாக்கியுள்ளது. மூன்றாண்டாக இருந்த அப்பயிற்சி 2023 முதல் இரண்டாண்டாகக் குறைந்துள்ளது; மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. பெண்மக்களும் தயங்க வேண்டியதில்லை. 1933இலேயே தேர்வில் வென்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானவர் சென்னையின் ஆர். சிவபோகம்.

பெற்றோர்களே! ஒரு விடுமுறைக்கேனும் உங்கள் பிள்ளைகளை இப்பணிக்கு அனுப்பிப் பாருங்கள். கணக்கும் ஓர் அமானிதம் என்பதை உணர்ந்து திரும்புவார்கள்.