கீரிமலைக்கு மேலே முந்திரிகைப் பந்தல்

கீரிமலைக் கேணியில் இறங்குபவர்கள் வியப்பது ஒன்றைத்தான்: சுவருக்கு அப்பால் உப்புக்கடல், இப்பால் நன்னீர். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி மாவிட்டபுரம், தெல்லிப்பழை, உரும்பிராய் எனத் தெற்கே போனால், செம்மண் தோட்டங்களில் கம்பிப் பந்தல்களின் கீழே முந்திரிகைக் குலைகள் தொங்கும். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பது திராட்சையை.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை செம்மண்ணில் ஊறி, அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. காற்றிலும் மண்ணிலும் கரியமிலவாயுவை ஏற்ற நீர் மெல்லிய அமிலம். அது கல்லைக் கரைத்துக் குகைகளும் வழிகளும் அமைத்துவிட்டது. உள்ளே போன நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கல் திறந்த இடத்தில் மிகுதி நீர் கடலோரம் பீறிடுகிறது. அதுதான் கீரிமலை.

சுண்ணாம்புக்கல்மேல் செம்மண் என்றால் வைன் நாட்டார் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அவுஸ்திரேலியாவின் கூனவாரா புகழ்பெற்றது அத்தகைய மண்ணால். ஆனால் கூனவாராவுக்குக் குளிர்காலம் உண்டு. திராட்சைக்கு அது தேவை: இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, ஆண்டுக்கொரு முறை காய்க்கும் கொடி அது. பத்துப் பாகை அகலக்கோட்டுக்கும் கீழே, இந்தத் தோட்டங்கள் இருக்கும் வலிகாமத்தில் கொடிக்கு உறக்கமே வராது. விட்டால் படர்ந்துகொண்டேயிருக்கும், காய்ப்புக் குறையும்.

குளிர்காலத்தின் வேலையை இங்கே தோட்டக்காரரின் கத்தரி செய்கிறது. கொடியின் நுனியில் சுரக்கும் ஒட்சின் என்ற ஓமோன் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். மொட்டைப் பிளந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வரப்போகும் பூங்கொத்தின் கரு அதற்குள் முன்பே இருக்கும். சென்ற பருவத்தில் அந்த மொட்டுக்கு நல்ல வெயில் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவே. வெட்டி நாலு மாதமளவில் பழம். ஆண்டுக்கு இரண்டு அறுவடை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் பழுத்தால் வெடித்து அழுகும் என்பதால், வெட்டும் நாளைத் தேர்வதில்தான் கைதேர்ச்சி தெரியும். இவ்வளவு நுட்பத்தை ஒரு கத்தரியால் சாதிப்பவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்தப் பழத்தின் ரசத்தைச் சுவைக்கத் தோலகட்டிக்குப் போங்கள். வசாவிளான் பக்கம், தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் அங்குள்ளது. 1990இல் போர் அந்த ஊர்களையே வெறுமையாக்கியது. பின்னர் துறவிகள் திரும்பினார்கள். நெல்லிரசமும் முந்திரிகை ரசமும் அவர்கள் பெயரோடு ஒட்டியவை. யாழ் நகரில் செபமாலைக் கன்னியர் விற்கும் ‘ரொசெற்றோ’ கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்பு வைன். வெக்கையில் பழம் தன் மாலிக் அமிலத்தை எரித்துவிடுவதால் புளிப்புக் குறையும். அந்த வெறுமையை வாசனைத் திரவியம் நன்றாகவே நிரப்புகிறது.

ஒன்று கவலை தருகிறது. செம்மண்ணில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டும் யூரியா நைத்திரேற்றாகி, மழையோடு அதே கல்வழியில் இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கும். தோட்டக்காரரே, மண்ணைப் பரிசோதித்துக் கொடி கேட்கும் அளவே உரமிடுங்கள். மாரிக்கு முன் மூட்டையை அவிழ்க்காதீர்கள்.