வில்மரத்தின் பழம்

வில் செய்ய எந்த மரம் சிறந்தது? கைத்தொழில்களைப் பற்றிய பழைய சீன நூலான ‘காவ்கோங் ஜி’ இந்தக் கேள்விக்கு ஏழு பெயர்களைத் தரவரிசையில் சொல்கிறது. மூங்கிலுக்குக் கடைசி இடம். முதலிடம் பெற்றது மல்பெரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்மரம். சீனர்கள் அதை ‘ஜே’ என்கிறார்கள். கொரியர்களுக்கு அது ‘குஜிப்போங்’. தாவரவியலில் அதன் பெயர் மக்ளூரா ட்ரைகஸ்பிடேட்டா.

6ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே எழுதிய ‘ச்சீமின் யாவ்ஷு’ என்ற வேளாண் நூலும் இந்த மரத்தைப் பேசுகிறது. இதன் இலையைத் தின்ற பட்டுப்புழுவின் நூலை இசைக்கருவிக்கு நரம்பாகக் கட்டினால், மற்ற பட்டைவிட நாதம் தெளிவாக எழும் என்கிறார் அவர். மரத்தின் கட்டையிலிருந்து எடுத்த மஞ்சள் சாயம் தாங் பேரரசர்களின் அங்கியில் ஏறியது. வில், பட்டு, சாயம் என்று மரத்தின் புகழெல்லாம் கட்டைக்கும் இலைக்குமே போய்விட்டது. பழத்துக்காக இதைத் தோட்டத்தில் வைப்பவர்கள் இன்றும் குறைவுதான். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இலையுதிர் காலத்தில், மற்ற பழமரங்கள் பெரும்பாலும் ஓய்ந்த பிறகு, இது சிவக்கத் தொடங்கும். ஒன்று முதல் இரண்டு அங்குல அளவில், மேடும் பள்ளமுமான உருண்டைப் பழம். பலாவும் இதே குடும்பம் என்பதால் இதன் அமைப்பைப் புரிந்துகொள்வது நமக்கு எளிது. பலாவில் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது. இடையில் கிடக்கும் நார்கள் காயாகாத பூக்கள். குஜிப்போங்கிலும் பட்டாணி அளவுப் பூந்திரளில் உள்ள பெண்பூக்கள் சதைப்பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகின்றன. நன்றாகப் பழுத்ததைக் கடித்தால் தர்பூசணியின் சாயலும் அத்தியின் குழைவும் தெரியும். புளிப்பு மட்டும் மிகக் குறைவு. அதனால்தான் சிலர் இதைச் சப்பென்று ஒதுக்குகிறார்கள். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

வளர்ப்பவருக்கு முதல் சிக்கல் ஆண் பெண் பேதம். பப்பாளியைப்போல இதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதை போட்டு வளர்த்தால் பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. பூப்பதற்குப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை காலம் தண்ணீர் ஊற்றிய பிறகு ஆண் என்று தெரிந்தால் மனம் என்ன பாடுபடும்! ஆனால் இந்த மரத்திடம் ஒரு தாராள குணமும் உண்டு. பக்கத்தில் ஆண்மரமே இல்லாவிட்டாலும் பெண்மரம் காய்க்கும். மகரந்தம் சேராத அந்தப் பழங்களில் விதை இருக்காது. ஆகவே பெண்மரம் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக்கட்டுவதே நல்ல வழி. சில ஆண்டுகளிலேயே காய் பார்த்துவிடலாம்.

எதன் மேல் ஒட்டுவது என்பதில்தான் இந்த மரத்தின் கதை சுவையாகிறது. சொந்த வேரில் நிற்கும் குஜிப்போங் அடங்காது. வேரிலிருந்து சுற்றிலும் கன்றுகள் கிளம்பி, முள்புதராகப் பரவிவிடும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதற்கு மாற்றாகத் தங்கள் மண்ணின் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை வேர்ச்செடியாக்கினார்கள். பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் அது மக்ளூரா பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்பு. டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா பகுதிகளுக்கு உரியது. அதன் பச்சை நிறப் பெரும்பழத்தை மனிதர்கள் உண்பதில்லை. ஆனால் கட்டை? ஓசேஜ் பழங்குடியினர் அதில்தான் வில் செய்தார்கள். அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதை வில்மரம் என்றே அழைத்தார்கள். 1804இல் நாடாய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் அதன் குச்சிகளை செயின்ட் லூயிஸிலிருந்து அதிபர் ஜெஃபர்சனுக்கு அனுப்பிவைத்தார்.

பசிபிக் கடலின் இரு கரைகளிலும், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்கள் ஒரே பேரினத்தின் மரங்களைத் தேர்ந்து வில்லாக வளைத்திருக்கிறார்கள். இன்று அந்த இரண்டு மரங்களும் ஓர் ஒட்டில் ஒன்றாகி, அமெரிக்க வேரின் மேல் ஆசியப் பழம் காய்க்கிறது. தோட்டக்கலையில் இதைவிட அழகான சேர்க்கை எனக்குத் தெரியவில்லை. ஓசேஜ் வேரில் பக்கக்கன்றுத் தொல்லை குறைவு என்பது நடைமுறை லாபம்.

மற்றபடி இது பெரிதாகக் கவனிப்பு கேட்காத மரம். உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போனாலும் தாங்கும். வசந்தத்தில் தாமதமாகத் துளிர்ப்பதால் கடைசி உறைபனி பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. குளிர்காலத்தில், முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளைப் பாதியாகக் கவாத்து செய்தால் மரம் கைக்கெட்டும் அளவில் நிற்கும். இளம் கிளைகளில் உள்ள முள், மரம் முதிர முதிரக் குறையும். கொரியாவில் முள்ளில்லாத வகைகளையும் தேர்ந்து வளர்க்கிறார்கள்.

பொறுமை வேண்டியது இரண்டு இடங்களில். இளமரம் முதல் சில ஆண்டுகள் காய்களைப் பழுக்குமுன்பே உதிர்த்துவிடும். அதைக் கண்டு மரத்தை வெட்டிவிடக் கூடாது. அடுத்தது அறுவடை. பழம் சிவந்ததும் கை பரபரக்கும். அப்போது பறித்தால் காம்பிலிருந்து பால் வடியும், சுவையும் இருக்காது. சிவப்பு அடர்ந்து, தொட்டால் குழையும்வரை விட்டுவைக்க வேண்டும். மல்பெரிபோல உலுக்கினால் உதிராது, ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். குழைந்த பழம் பயணத்தையும் தாங்காது. இது கடைக்கு வராததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கொரியாவில் இதன் இலை, வேர், பழம் எல்லாம் தேநீராகவும் பொடியாகவும் சாறாகவும் விற்பனையாகின்றன. புற்றுநோய்க்கு மருந்து என்ற பேச்சும் கூடவே வருகிறது. வேர்ப்பட்டையில் சாந்தோன், ஃபிளேவனாய்டு என்னும் வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. ஆய்வகத்தில் செல்களின் மேல் அவை செயல்படுவதும் உண்மை. ஆனால் அதை வைத்து நோயாளியின் சிகிச்சையை நிறுத்துவது ஆபத்து. இந்தப் பழத்தை விரும்ப அந்தப் பொய் நம்பிக்கை தேவையில்லை.

இதே பேரினத்தில் மக்ளூரா ஸ்பைனோசா என்ற முள்புதர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிறது. குஜிப்போங்கைப் பார்க்க கொரியாவுக்குப் போக முடியாதவர்கள் இந்தப் புதரின் முள்ளையும் உருண்டைப் பூந்திரளையும் உற்றுப் பார்த்தாலே குடும்பச் சாயல் பிடிபட்டுவிடும்.